கண்ணைச் சிமிட்டவும்

உக்காருங்கண்ணே, உக்காருங்க. பையை இப்படிக் குடுங்க, நான் மடியில வச்சுக்கிறேன். ஜன்னல் ஓரம் வேணும்னா மாறிக்கலாம். எனக்கு எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான். பஸ்ல உக்காந்து போயே பல வருசமாச்சு. சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டுப் போறது உடம்புக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது. காலைப் பாருங்க, அதுபாட்டுக்கு பிரேக்கைத் தேடுது. டிரைவர் அங்க மிதிச்சா எனக்கு இங்க கால் அழுந்துது.

மண்ணச்சநல்லூரா நீங்க? நான் துறையூர். உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு ஏறுனதுலேருந்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன். தில்லைநகர்ல கடையா? ஜெராக்ஸ் கடை... அட, அந்தப் பல் டாக்டர் பக்கத்துல இருக்குமே, அதுவா! உங்க கடைக்கு மேல மாடியில ஒரு டியூசன் சென்டர் இருக்குல்ல, அங்க எத்தனையோ தடவை பரோட்டா கொண்டாந்து குடுத்திருக்கேன். நீங்க உள்ள உக்காந்து பேப்பர் அடுக்கிக்கிட்டிருப்பீங்க. எப்ப வந்தாலும் இருப்பீங்க. நாள் முழுக்க அங்கதான் இருக்கணும்ல? வெளியூரு, வெளிநாடுன்னு எங்கயும் போறதில்லையே? நல்லதுண்ணே. ஒரே எடத்துல உக்காந்து பொழைக்கிறவரைப் பாத்தா எனக்கு ஒரு தனி மரியாதை. வண்டி ஓட்டுவீங்களா? லைசென்ஸ் வச்சிருக்கீங்களா? இல்ல, சும்மாதான் கேட்டேன்.

ஆமாண்ணே, சாப்பாடு டெலிவரி. போன மாசம் வரைக்கும். இப்ப சும்மாதான் இருக்கேன். எம் பேரு மருதை. ஆனா தில்லைநகர்ல எந்த வீட்டுல போய் மருதைன்னு கேட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது. காத்தமுத்துன்னு கேளுங்க. வாட்ச்மேன்லேருந்து நாய் வரைக்கும் தெரியும். அவங்க போன்ல அந்தப் பேருதான் வரும். "காத்தமுத்து, எங்க இருக்கீங்க? சாம்பார் தனியா கேட்டேனே, வாங்குனீங்களா?"ன்னு கேப்பாங்க. நானும் காத்தமுத்துவாத்தான் பதில் சொல்வேன். வருசக்கணக்கா சொல்லிச் சொல்லி, வீட்டுல எம் பொண்டாட்டி மருதைன்னு கூப்பிட்டா கூட திரும்பிப் பாக்க ஒரு நிமிசம் ஆகும்.

காத்தமுத்து எம் மச்சான். எம் பொண்டாட்டி வளர்மதியோட அண்ணன். அவரு கதையைத்தான் சொல்லப் போறேன். நீங்க மண்ணச்சநல்லூர்ல எறங்கிடுவீங்க, அதுக்குள்ள சொல்லி முடிச்சுடணும். கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. ஏன்னா வளர்மதி கோச்சுக்கிட்டு துறையூர்ல அவ பொறந்த வீட்டுல போய் உக்காந்திருக்கா. கூப்பிடத்தான் போயிக்கிட்டிருக்கேன். எம் மேல தப்பா, இல்ல அவ மேல தப்பான்னு உங்கள மாதிரி வெளியாள்தான் சொல்லணும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இந்த வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். கூட ஓட்டுறவன் எல்லாம் சொல்வான், ஸ்ட்ரைக்குன்னு கொடி புடிச்சுக்கிட்டு நிப்பான். நான் போனதே இல்ல. இதுக்கு முந்தி நான் இரும்புக் கடையில லோடு வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன். அந்த முதலாளி, அம்மா அப்பாவை எல்லாம் இழுத்து வச்சுத் திட்டுவான். இங்க திட்டுறதுக்கு ஆளே கெடையாது. போன் சொல்லும், நாம போவோம். லேட்டானாக்கூட போன் ஒரு வார்த்தை சொல்லாது. சத்தமில்லாம அடுத்த நாளு ஆர்டரைக் கொறச்சிடும். அவ்வளவுதான். நாம ஏன்னு கேக்கவும் முடியாது, அது சொல்லவும் சொல்லாது. அந்த மரியாதை வேற எந்த முதலாளிகிட்ட கெடைக்கும், சொல்லுங்க?

வருசத்துக்கு ஒரு தடவை போன்லயே கேப்பாங்க. இந்த வேலை உங்களுக்குத் திருப்தியா இருக்கான்னு. அஞ்சு ஸ்டாரு வரும். நான் எப்பவும் அஞ்சையும் அமுக்கிடுவேன். அஞ்சு அமுக்கினா நன்றின்னு சொல்லிட்டு அடுத்த ஆர்டரைக் காட்டும். கொறைச்சு அமுக்கினா காரணம் எழுதச் சொல்லி ஒரு பொட்டி வரும். பரோட்டா சூடா பையில கெடக்கறப்ப காரணத்தை எவன் எழுதுறது?

உடம்புதான் கொஞ்சம் சொன்னபடி கேக்கறதில்ல. அது வேலை மேல இருக்கிற குறை இல்லண்ணே, நம்ம உடம்பு அப்படி. உக்காந்தா எந்திரிக்க முடியாது, எந்திரிச்சா உக்கார முடியாது. மூட்டு வலிக்கு டாக்டர்கிட்ட போனேன். மாடிப்படி ஏறாதீங்கன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாதி அப்பார்ட்மென்ட்ல எங்களை லிப்ட்ல ஏத்த மாட்டாங்கண்ணே. சாப்பாட்டு வாசனை லிப்டுக்குள்ள நிக்குதாம். அவங்க வரவழைச்ச சாப்பாடுதான். நாங்க படி வழியா போய் மூச்சு வாங்கிக்கிட்டு நிப்போம், அவங்க கதவை அரைவாசி தொறந்து கையை மட்டும் நீட்டுவாங்க.

சிரிக்கிறீங்களே! நல்லாச் சிரிங்க. நீங்க சிரிக்கிறப்ப ரெண்டு கண்ணும் அழகா மூடித் தெறக்குதுண்ணே. அது எல்லாருக்கும் வராது.

எனக்கும் மொதல்ல எம் பேர்லயே ஐடி இருந்துச்சு. ஐடின்னா என்னன்னா, போன்ல நம்ம பேரு, போட்டோ, லைசென்சு, ஆதாரு எல்லாத்தையும் போட்டு ஒரு கணக்கு தெறந்து குடுப்பான். அது இருந்தா வேலை. இல்லாட்டி அந்த டீசர்ட்டையும் பையையும் மாட்டிக்கிட்டு ஊரைச் சுத்தி வர வேண்டியதுதான். ஒரு நாளு காலையில தெறக்கிறேன், செவப்பா ஒரு கோடு. "விதிமீறல் காரணமாக உங்கள் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது." என்ன விதி, என்ன மீறல்? ஒண்ணும் போடல. உதவின்னு ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்கிக் கேட்டேன். "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு வந்துச்சு. திரும்பக் கேட்டேன். திரும்ப வருந்துறோம்னுச்சு. ஒரு வாரம் கேட்டேன். அதுவும் சலிக்காம வருந்திக்கிட்டே இருந்துச்சு.

நானா ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். எங்களுக்கு ஒண்ணுக்குப் போக எடம் கெடையாதுண்ணே. ஓட்டல்காரன் கஸ்டமருக்கு மட்டும்பான். அப்பார்ட்மென்ட்ல வாய்ப்பே இல்ல. ஒரு நாளு அடக்க முடியாம ஒரு அப்பார்ட்மென்ட் கார் ஷெட்டுல செவுத்து ஓரமா ஒதுங்கிட்டேன். மேல கேமரா இருந்துச்சுன்னு அப்பறம்தான் பாத்தேன். அதுவாத்தான் இருக்கும். இல்லாட்டி வேற எதுவோ. நெசமா எதுக்குன்னு தெரிஞ்சா, அந்த ஒண்ணையாவது செய்யாம இருக்கலாம்ல.

அந்த வாரம் நான் சாப்பிடலை, பேசலை. வளர்மதிதான் அவங்க அண்ணன்கிட்ட போய் சொல்லிட்டா. மச்சான் சாஸ்திரி ரோட்டுல பஞ்சர் கடை வச்சிருந்தாரு. ஒரு கம்ப்ரஸரு, ஒரு தண்ணித் தொட்டி, ஒரு ஸ்டூலு. அவ்வளவுதான் கடை. போய் நின்னேன். கையைத் தொடச்சுக்கிட்டே லைசென்சையும் ஆதாரையும் எடுத்துக் குடுத்தாரு. "எம் பேர்ல எடுத்து ஓட்டு மாப்ள. எனக்கு வெத்துப் பேருதானே, சும்மா கெடக்கு"ன்னாரு. ஊர்ல ஐடியை வாரவாடகைக்கு விடுறவன் எத்தனையோ பேரு இருக்கான். மச்சான் ஒரு டீக்கூட எங்கிட்ட வாங்கிக் குடிச்சதில்ல. கூடப் பொறந்தவன் கூட அப்படிச் செய்ய மாட்டான். அதை நான் எங்க வேணா சொல்வேன்.

ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. ஓட்டுறது ஐடிக்காரன்தானான்னு பாக்கறதுக்கு, போன் திடீர்னு மூஞ்சியைக் காட்டச் சொல்லும். காலையிலயும் கேக்கும், மத்தியானமும் கேக்கும், ரெண்டு மூணு நாளு கேக்காமலும் இருக்கும். கேட்டா கொஞ்ச நேரத்துக்குள்ள காட்டிடணும். என் மூஞ்சி செல்லாதே. அதனால கேட்ட உடனே வண்டியைத் திருப்பிக்கிட்டு மச்சான் கடைக்குப் பறப்பேன். கையில சாப்பாடு இருந்தாலும் சரி, மழை பேஞ்சாலும் சரி. ஒரு தடவை கருமண்டபத்துல இருக்கறப்ப கேட்டுருச்சு. எந்த சிக்னல்ல நின்னேன், எதுல நிக்கலைன்னு எனக்கே தெரியாது. கடை முன்னாடி வண்டியைப் போட்டுட்டு "மச்சான், மூஞ்சி!"ம்பேன். அவரு டியூப்பைத் தண்ணியில அமுக்கிக்கிட்டே நிமிந்து பாப்பாரு. சில நேரம் கன்னத்துல கிரீஸ் இருக்கும், முகம் தெளிவாகத் தெரியவில்லைன்னு சொல்லும். என் டீசர்ட்டாலயே தொடச்சு விடுவேன். பஞ்சர் ஒட்ட வந்தவங்க எல்லாம் சிரிப்பாங்க. "என்னய்யா, பொண்ணு பாக்க அனுப்புறியா?"ன்னு கேப்பாங்க.

ஒரு வருசம் கம்பெனியிலேருந்து வாழ்த்து வந்துச்சு. "அன்புள்ள காத்தமுத்து, உங்கள் நீண்டநாள் உழைப்புக்கு நன்றி, நீங்கள் எங்கள் குடும்பம்"னு பட்டாசு வெடிக்கிற மாதிரி படம். கொண்டுபோய்க் காட்டினேன். மச்சான் கடையில இருந்தவங்களுக்கு எல்லாம் சத்தமாப் படிச்சுக் காட்டினாரு. "பாத்தியா மாப்ள, நான் ரொம்ப நல்லா ஓட்டுறேனாம்"னாரு. ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சோம். அன்னைக்கு எனக்கு ரொம்ப சந்தோசமா இருந்துச்சுண்ணே. வேலையில கெடைக்கிற சந்தோசம்னு சொல்றாங்களே, அதுதான்.

காவேரி வந்துருச்சா? சீக்கிரம் சொல்லணும்.

அதுலேருந்து மச்சான் மூஞ்சியைப் பத்திரமாப் பாத்துக்கிறது என் பொறுப்பாயிருச்சு. தாடி வளத்தா அடையாளம் தெரியாது, அதனால சவரத்துக்கு நானே கூட்டிக்கிட்டுப் போவேன். சபரிமலைக்கு மாலை போட ஆசைப்பட்டாரு. தாடிக்கு என்ன பண்றதுன்னு கேட்டேன். போடலை. அவரு கோச்சுக்கலை. நல்ல மனுசன்.

அப்பறம் எம் மாமியா செத்துப் போச்சு. வளர்மதிக்கும் மச்சானுக்கும் அம்மா. மச்சான் ஒரே மகன். கொள்ளி வைக்கிறவரு மொட்டை அடிக்கணும், மீசை எடுக்கணும். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாரு. மொட்டை அடிச்சு மீசையும் போயிருச்சுன்னா அது காத்தமுத்து இல்லைன்னு போன் அடிச்சுச் சொல்லிடும். முடி மொளைக்கிற வரைக்கும் நான் என்ன பண்றது? மச்சானைத் தனியா கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். காலைப் புடிக்காத குறைதான். அவரு ரொம்ப நேரம் தலையைத் தடவிக்கிட்டே நின்னாரு. அப்பறம் பங்காளிங்ககிட்ட போய், "தலையில புண்ணு, டாக்டர் கத்தி படக் கூடாதுன்னுட்டாரு"ன்னு சொல்லிட்டாரு. முடியோடயே போய்க் கொள்ளி வச்சாரு. ஊரே பேசுச்சு. பெத்தவளுக்கு ஒரு மசுரு குடுக்கலை பாருன்னு அவரு காதுபடவே பேசுனாங்க. சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம்ணே, போன்கிட்ட கேக்க முடியாதே. இதை வளர்மதிகிட்டயும் சொன்னேன். அவ சோத்தைப் போட்டு வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அப்ப நான் அதைப் பெருசா எடுத்துக்கலை.

போன மாசத்துக்கு வர்றேன். திடீர்னு ஒரு அப்டேட் வந்துச்சு. அதுவரைக்கும் சும்மா மூஞ்சி இருந்தாப் போதும். சில பசங்க ஐடிக்காரனோட போட்டோவைக் காட்டியே ஏமாத்திட்டானுங்க போல, அதனால கம்பெனி புதுசா ஒண்ணு கண்டுபுடிச்சுட்டான். மூஞ்சியைக் காட்டின ஒடனே பச்சையா ஒரு வட்டம் வரும். வந்த ஒடனே "கண்ணைச் சிமிட்டவும்"னு எழுத்து வரும். சிமிட்டணும். சிமிட்டினாத்தான் ஆளு நெசம்னு ஒத்துக்கும்.

மொத நாளு மச்சானுக்கு அது வரவே இல்ல. மெதுவாச் சிமிட்டினா ஏத்துக்கலை, வேகமாச் சிமிட்டினாலும் ஏத்துக்கலை. ஒரு கண்ணை மட்டும் மூடி ஒரு தினுசா வாயைக் கோணினாரு. "எனக்கு என்ன மாப்ள தெரியும்? கண்ணடிக்கத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் பஞ்சர் கடையில இருக்கேன்?"னாரு. பக்கத்து டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவாம நின்னு பாத்துச் சிரிச்சாரு. கடைசியில எப்படியோ ஏத்துக்கிச்சு. அதுக்கப்பறம் நான் கடையைத் தாண்டிப் போறப்பல்லாம் மச்சான் ஸ்டூல்ல உக்காந்தபடியே என்னைப் பாத்து ரெண்டு கண்ணையும் சிமிட்டிக் காட்டுவாரு. பழகிக்கிறேன் மாப்ளம்பாரு.

அதே வாரம்தான்.

காலையில டிபன் ஆர்டர் கொண்டு போயிக்கிட்டிருக்கேன். போன்ல மச்சான்னு வருது. கட் பண்ணேன். திரும்ப வருது. திரும்பக் கட் பண்ணேன். ஆர்டர் கையில இருக்கறப்ப எடுத்துப் பேசுனா வழி காட்டுறது நின்னுடும்ணே. அதுவும் இல்லாம, அந்த நேரத்துக்குக் கூப்பிட்டாருன்னா வர்றப்ப ரெண்டு மெதுவடை வாங்கிட்டு வான்னுதான் சொல்வாரு. எப்பவும் அதுதான். மூணாவது தடவை வந்தப்ப எடுத்தேன். டீக்கடைக்காரர் பேசுறாரு. உங்க மச்சான் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம், வாங்கன்னாரு.

பையில ரெண்டு ஆர்டர் இருக்கு. ஒண்ணு இட்லி, ஒண்ணு பொங்கல். நீங்களே சொல்லுங்கண்ணே, அதை எங்க எறக்கி வைக்கிறது? பாதியில விட்டா காத்தமுத்து பேர்லதான் கறுப்புப் புள்ளி விழும். மச்சான் பேருக்கு நான் ஒரு நாளும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்ததில்ல. அன்னைக்கா வாங்கிக் குடுப்பேன்? பறந்து போய் ரெண்டையும் குடுத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். பொங்கல் வாங்குன அம்மா அஞ்சு ஸ்டாரு போட்டிருந்தாங்க. "நன்றி காத்தமுத்து"ன்னு எழுதியும் இருந்தாங்க. வாசல்ல வண்டியை நிறுத்துறப்ப அதைப் பாத்தேன். உள்ள போனா மச்சான் போயிட்டாரு.

அழுதேண்ணே. அழுதேன். யாரும் நான் அழலைன்னு சொல்ல முடியாது.

மத்தியானத்துக்கு முன்னாடியே வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. ஐஸ் பொட்டியில வச்சாச்சு. வளர்மதியும் அவங்க அண்ணியும் தலைமாட்டுல உக்காந்து மாரடிச்சு அழுவுறாங்க. தெருப் பூரா சனம். நான் வெளிய சேர் எடுத்துப் போட்டுக்கிட்டிருக்கேன். அப்ப பாக்கெட்டுல கத்துது. வேலையை நிறுத்தி வைக்க மறந்து போயிட்டேன். எடுத்துப் பாக்கிறேன், ஆர்டர் இல்ல. "உங்கள் முகத்தைச் சரிபார்க்கவும்."

அப்படியே நின்னேன். நேரம் வேற ஓடிக்கிட்டிருக்கு. எம் மனசுல என்ன ஓடுச்சுன்னு நெசத்தைச் சொல்றேன். மச்சான் போயிட்டாரு, அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா இந்த ஒரு தடவை காட்டிட்டா ரெண்டு மூணு நாளுக்குக் கேக்காது. கருமாதிச் செலவுக்கு ஓட்டிக்கலாம். அதுக்குள்ள வேற ஏதாச்சும் வழி பாத்துக்கலாம். காட்டலைன்னா அந்த நிமிசமே மச்சானும் போச்சு, காத்தமுத்துவும் போச்சு. அவரு உசுரோட இருந்தா காட்டியிருக்க மாட்டாரா? கண்டிப்பாக் காட்டியிருப்பாரு. அவரு மனசு எனக்குத் தெரியும்.

உள்ள போனேன். கண்ணாடி மேல பனி படிஞ்சிருந்துச்சு. துண்டால தொடச்சுட்டு மேலேருந்து காட்டினேன். தெளிவாக இல்லைன்னுச்சு. கடைசியா ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிறேன், மூடியைத் தெறங்கன்னு அழுதேன். நடிப்பு இல்லண்ணே. அழுகையும் நெசம், அந்த நெனப்பும் நெசம். ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு. பாவம்னு தெறந்து விட்டாங்க. குனிஞ்சு நெத்திக் காசை எடுத்தேன். மூக்குல வச்சிருந்த பஞ்சை எடுத்தேன். தாடைக் கட்டை அவுத்தேன். கட்டோட இருந்தா அதுக்கு அடையாளம் தெரியாதுல்ல. அப்பறம் போனை நெஞ்சோட அணைச்சு மறைவாப் புடிச்சேன்.

பச்சை வட்டம் வந்துருச்சுண்ணே! அவரைத் தெரிஞ்சிருச்சு அதுக்கு. செத்துக் கெடக்கிற மனுசனைக் காத்தமுத்துன்னு ஒத்துக்கிச்சு. எனக்கு ஒரு நிமிசம் அவரே திரும்பி வந்துட்ட மாதிரி இருந்துச்சு.

அப்பறம் எழுத்து வந்துச்சு. கண்ணைச் சிமிட்டவும்.

கட்டை வெரலால இமையைத் தூக்கினேன். ஜில்லுன்னு இருந்துச்சு. விட்டேன். பாதியில நின்னுக்கிச்சு. திரும்பத் தூக்கி, கீழ இழுத்து விட்டேன். "மீண்டும் முயற்சிக்கவும்"ங்குது. வேகமாப் பண்ணேன். "மீண்டும் முயற்சிக்கவும்". மச்சான், ஒரே ஒரு தடவை மச்சான், ஒரே ஒரு தடவைன்னு எனக்கே தெரியாம வாய்விட்டுக் கேட்டிருக்கேன். அப்பத்தான் பாத்தேன், வீட்டுல ஒப்பாரிச் சத்தமே இல்ல. எல்லாரும் நிறுத்திட்டாங்க. நிமிந்தா வளர்மதி என் கையைப் பாத்துக்கிட்டு நிக்கிறா.

அப்பறம் நடந்ததைச் சொல்ல என்ன இருக்கு? சட்டையைப் புடிச்சு வெளிய தள்ளுனாங்க. பாடைக்குத் தோள் குடுக்க விடலை. நான் கொண்டாந்த மாலையை வாங்கி ஓரமாப் போட்டுட்டாங்க. பொணத்தைப் படம் புடிச்சவன்னு எனக்குப் பேரு வச்சுட்டாங்க. படம் புடிக்கலைன்னு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது? ஐடியும் அன்னைக்கே செவப்பாயிருச்சு. காரியம் முடிஞ்சு ஒரு நாளு மச்சான் சம்சாரம் ஆள் விட்டுக் கேட்டுச்சு. அவரு பேர்லதான அத்தனை வருசம் வேலை நடந்துச்சு, கம்பெனியில ஏதாச்சும் உதவி பண்ணுவாங்களான்னு. என்னத்தைச் சொல்றது? விதியை மீறினாருன்னுல்ல அவரை நிறுத்தி வச்சிருக்காங்க.

வளர்மதி அப்பக்கூடப் போகலைண்ணே. இருந்தா. சமைச்சா. பேசத்தான் இல்ல. நாந்தான் அவ மனசு ஆறட்டும்னு ஒரு நாளு சாப்பிட்டுக்கிட்டே சொன்னேன். "எல்லாம் நேரம் வளர். மச்சான் ஒரு வாரம் முந்திப் போயிருந்தா இந்த அசிங்கமே வந்திருக்காது. அப்ப சிமிட்டச் சொல்லாது. பச்சை வட்டத்தோட முடிஞ்சிருக்கும்"னு. ஆறுதலாத்தான் சொன்னேன். நடந்ததைத்தான் சொன்னேன். மறுநாளு காலையில எந்திரிச்சுப் பாத்தா அவளைக் காணோம். இதுல நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? நீங்க சொல்லுங்க. ஏன் கீழ குனிஞ்சுக்கிட்டீங்க?

டோல்கேட் தாண்டியாச்சு. இன்னும் கொஞ்ச தூரம்தான் உங்களுக்கு.

வாடகைக்கு ஐடி எடுக்கலாம்னு பலபேரைப் பாத்தேன். எல்லாம் ஏமாத்துக்காரனுங்க. மூஞ்சி கேக்கறப்ப போனை எடுக்க மாட்டானுங்க. எனக்கு வேற தொழில் கைக்கு வராதுண்ணே. மறுபடி இரும்புக் கடைக்குப் போய்ப் பாத்தேன். இந்த இடுப்பை வச்சுக்கிட்டு லோடு எறக்க முடியுமான்னு கேட்டு அனுப்பிட்டாங்க. ராத்திரி தூக்கத்துல ஆர்டர் வந்த சத்தம் கேட்டு எந்திரிச்சு உக்காந்துக்கிறேன். வளர்மதிகிட்ட போய் நின்னா என்ன வேலை பாக்குறேன்னு சொல்றது? அதுக்காவது ஒரு பதில் வேணும்ல?

அதனாலதான் கேக்கறேன். தப்பா நெனைக்காதீங்க. உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குன்னு தலையை ஆட்டுனீங்க. கடை தில்லைநகர் நடுவுல இருக்கு. நாள் முழுக்க அங்கயே உக்காந்திருக்கீங்க. நீங்க ஒரு வேலையும் செய்ய வேணாம். நான் வந்து வாசல்ல நின்னு கூப்பிடுவேன். ஜெராக்ஸ் போட்டுக்கிட்டே ஒரு தடவை நிமிந்து பாத்துச் சிமிட்டினாப் போதும். உங்க பேரை நான் கெடுக்க மாட்டேன். தில்லைநகர் பூரா உங்க பேரை நல்ல பேராச் சொல்ல வச்சுக் காட்டுறேன். காத்தமுத்துவைக் கேட்டுப் பாருங்க. கேக்க முடியாதுதான்.

இருங்கண்ணே, பஸ்சு நிக்கலை இன்னும். பையைக் குடுக்கறேன், இருங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். உங்களுக்கு சுகரு, பிரஷரு, நெஞ்சு வலின்னு எதுவும் கெடையாதுல்ல?